கப் மாட்டும் நாள்

தையலம்மாவையும் அவர் மகளையும் போன வாரம் ஒரே குடைக்குள் நிறுத்திவிட்டு வந்தோம். பஸ் ஸ்டாப், விடாத தூறல், மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பெண்கள், நடுவில் ஒரு குடைக்கம்பி.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி. தையலம்மா நம் தெருவில் துணி பிடித்துக் கொடுப்பவர். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது. தெருவில் யார் எவ்வளவு பெருத்தார்கள் என்ற விவரம் நமக்கு வந்து சேர்வது அந்த வாசலிலிருந்துதான். அவர் வீட்டுக்காரர் டிரைவர். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். மூத்த மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இளையவனுக்கு முப்பத்தொரு வயது. அவனுக்கு டாக்டர்கள் 'அறிவுசார் குறைபாடு' என்று நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அவன் சின்னவன். நமக்கும் அதுவே போதும்.

இத்தனை வருஷமும் சின்னவனுக்குத் தலை வாரியது, சட்டைக்குப் பட்டன் போட்டது, யாராவது அவனிடம் கேள்வி கேட்டால் பதில் சொன்னது, எல்லாம் தையலம்மாதான். "என்னப்பா, சௌக்கியமா?" என்று நாம் அவனைக் கேட்டால், "சௌக்கியமா இருக்கான், ராத்திரி நல்லா தூங்கினான்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

மூன்று மாதம் முன்னால் அக்காள்காரி அவனைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிரார்த்தனை வீட்டில் விட்டாள். அப்பா தலையை ஆட்டினார். அம்மா ஆட்டவில்லை. அன்றிலிருந்து அம்மா மகளிடம் நேரே பேசுவதில்லை. வீட்டுக்காரர் வழியாகப் பேசுவார். "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, சாப்பாடு ஆறிப்போகுது." உங்க பொண்ணு அதே மேஜையில், அதே சாப்பாட்டுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பிரார்த்தனை வீட்டில் சின்னவனைப் போன்றவர்களும் அப்படி இல்லாதவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் சமைத்து, சாப்பிட்டு, ஜெபம் பண்ணி, தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுத்து வாழ்கிறார்கள். புதிதாக வந்தவர் மூன்று மாதம் விருந்தாளி. விருந்தாளிக்கு அலமாரியிலிருந்து வெள்ளைக் கப்பில் டீ. மூன்று மாதம் முடிந்த அன்று சாயங்கால டீயின்போது, அவர் தனக்கென்று ஒரு கப்பைச் சமையலறைச் சுவரில் மாட்டினால் தங்குகிறார். மாட்டாவிட்டால் வீட்டுக்குக் கிளம்புகிறார். பெற்றவர், கூடப் பிறந்தவர், யாரும் அவருக்காக வாயைத் திறக்கக்கூடாது.

சின்னவனுக்கு அந்த நாள் இன்று.

காலையிலேயே டிரைவர் அப்பா மகனுடைய கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்து, பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார். நீலம். பையன் வந்துவிடுவான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எத்தனை கொக்கிதான் இருக்கும் அந்தச் சுவத்துல?" என்று மட்டும் மகளைக் கேட்டார்.

"பன்னெண்டுப்பா."

"ம்" என்று பிரஷ்ஷைத் தோய்த்தார். அவர் எதற்குக் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தோம், சொல்லவில்லை.

தையலம்மா வேறு ஏற்பாட்டில் இருந்தார். சின்னவனின் பச்சைக் கப் ஒன்று இவர்கள் வீட்டில் உண்டு. விளிம்பில் ஒரு இடத்தில் பெயர்ந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் அதில்தான் பால் குடித்தான், டீ குடித்தான், ஒரு முறை மீன் குஞ்சு வளர்த்தான். தையலம்மா அதை ஒரு துண்டில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்தார். சாயங்காலம் சரியான நேரத்தில் அதை வெளியே எடுத்தால் பையனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். கிளம்பிவிடுவான். இதுதான் திட்டம். மகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்.

"டிக்கெட்டை நான் எடுத்துட்டேன்னு சொல்லுங்க" என்றார் தையலம்மா, ஜன்னலைப் பார்த்து.

ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"எங்கம்மா என்கிட்டதான் பேசறாங்க சார்" என்றாள் மகள். "நீங்க கண்டுக்காதீங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நீளமான மேஜை. தையலம்மாவுக்கு மூக்கு வியர்க்க ஆரம்பித்தது. யார் பார்த்துக்கொள்கிறவர், யார் பார்த்துக்கொள்ளப்படுகிறவர் என்று ஒவ்வொரு முகமாகப் பிரித்தார். எல்லாரும் பரிமாறுகிறார்கள், எல்லாரும் சிந்துகிறார்கள்.

எதிரே ஒரு மனிதர் கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டார். தையலம்மாவுக்கு மனசு இளகிவிட்டது.

"மெதுவா சாப்பிடுப்பா. யாரும் பிடுங்க மாட்டாங்க. தண்ணி குடி."

அவர் தண்ணீர் குடித்தார். மெதுவாகச் சாப்பிட்டார். "உனக்கு மாத்திரையெல்லாம் நேரத்துக்குத் தர்றாங்களா?" என்று கேட்டதற்கு, "பிரஷர் மாத்திரை மட்டும்தாம்மா" என்றார் பணிவாக.

அவர் பேங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்து, அதை விட்டுவிட்டு இங்கே வந்து வசிப்பவர் என்று சிஸ்டர் சொன்னபோது தையலம்மா வாயிலிருந்த கவளத்தை முழுங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"பரவால்லம்மா" என்றார் பேங்க்காரர். "என்னை மெதுவா சாப்பிடுன்னு யாரும் சொன்னதில்ல."

சிஸ்டர் என்பவர்தான் அந்த வீட்டுக்குப் பொறுப்பு. இஸ்திரி மெஷினும் அவர் பொறுப்பு. குரல் உயராது. புருவம் மட்டும் உயரும்.

சின்னவன் மேஜையின் அந்தக் கோடியில் இருந்தான். அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினான். எழுந்து ஓடி வரவில்லை. அவன் பக்கத்தில் ஆஜானுபாகுவாக ஒருவர். பெரிய மீசை. அந்த வீட்டில் அவர் பெயரே மீசை. ஒரு நாளைக்கு அதிகம் போனால் நாலு வார்த்தை பேசுவார் என்று மகள் சொன்னாள், பொதுவாக, உப்புக் குப்பியைப் பார்த்து.

மீசைக்கு நேர் எதிர் ஒரு பெண்மணி. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். காதில் விழுந்ததை அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வார். சேர்ப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை. பெயர் ரேடியோ. நம் தெருவில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் நமக்கெல்லாம் வேலையே இருந்திருக்காது.

சாப்பாட்டுக்குப் பின் டீ. டீக்குப் பின் கொஞ்ச நேரம் எல்லாரும் காலை நீட்டினார்கள். கப்புகள் சமையலறைத் தொட்டியோரம் அப்படியே இருந்தன. அவரவர் எழுந்து வந்து அவரவர் கப்பைக் கழுவி மாட்டுவது அங்கே வழக்கம். அது தையலம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்தவர் கப்பை ஒருவர் கழுவுவார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

தையலம்மாவின் கை சும்மா இருக்காது. ஒன்பது கப்பையும் கழுவினார். பக்கத்தில் ரேடியோ ஸ்பூன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு ஆளாகவே தையலம்மா எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் தன்பாட்டுக்கு முணுமுணுத்தார். முணுமுணுத்தது என்னவென்று பிறகு வரும்.

சுவரில் ஆறு சின்னப் பலகைகள். பலகைக்கு இரண்டு கொக்கி. எந்த கப் எங்கே இருந்தது என்று யார் பார்த்தார்கள்? தையல்காரரின் கண்ணுக்கு நிறம்தான் தெரியும். கறுப்பு கப், அதன் பக்கத்தில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று நூல்கண்டு அடுக்குவதுபோல் மாட்டினார். கடைசியில் வெளிர் ஊதா ஒன்று ஐந்தாவது பலகையில் தனியாக நின்றது. ஆறாவது பலகை காலி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

மகள் உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"அம்மா. என்ன பண்ணி வெச்சிருக்க?"

"கழுவி மாட்டியிருக்குன்னு சொல்லுங்க" என்றார் தையலம்மா, ரேடியோவிடம்.

"கழுவி மாட்டியிருக்குன்னு சொல்லுங்க" என்றார் ரேடியோ, மகளிடம்.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் நாள் முழுவதும் நடப்பது அந்தக் கொக்கிகளின்படி. ஒரே பலகையில் கப் மாட்டிய இருவர் ஜோடி. மேஜையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, வேலையில் ஒரே விரிப்பின் இரண்டு முனை. முதல் கொக்கி யாருடையதோ, அவர் ஜெபம் சொல்வார். வருஷக்கணக்காக முதல் கொக்கி ரேடியோவுடையது. அவர் ஜெபத்தில் அன்றைய செய்தி முழுவதும் இருக்கும். கடவுளுக்கே புதிதாகச் சில தகவல் கிடைக்கும். ஐந்தாவது பலகையில் ஜோடி இல்லாமல் தனியாக இருந்தவர் மீசை. அதனால்தான் சின்னவனை அவரோடு விட்டிருந்தார்கள்.

இப்போது முதல் கொக்கியில் தொங்குவது கறுப்பு கப். மீசையுடையது. ரேடியோவின் சிவப்பு அதற்குப் பக்கத்தில். தனியாக நிற்கும் வெளிர் ஊதா சிஸ்டருடையது.

யாரும் சத்தம் போடவில்லை. தையலம்மா சத்தத்தை எதிர்பார்த்து நின்றார். அது வராதது இன்னும் மோசமாக இருந்தது.

"எல்லாத்தையும் பழையபடி மாத்திடறேன் சிஸ்டர்" என்று கையை நீட்டினார்.

"நீங்க தொடாதீங்கம்மா" என்றார் சிஸ்டர். "அவங்கவங்க கப்பை அவங்கவங்கதான் எடுக்கணும். வேணுங்கறவங்க மாத்திக்கட்டும்."

யாரும் மாற்றவில்லை. எல்லாரும் மீசையைப் பார்த்தார்கள். மீசை தன் கப்பைப் பார்த்தார். பிறகு முதல் இடத்தில் வந்து நின்றார். வேலைக்கு முந்தின ஜெப நேரம்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். தையலம்மா ஒரு கண்ணை மூடினார். கூரையில் தூறல் கேட்டது. எங்கோ குழாய் சொட்டியது. ரேடியோவின் உதடு துடித்தது. சிஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். மீசையின் நெற்றியில் வியர்வை. இவரால் முடியாது, யாராவது ஏதாவது சொல்லித் தொலைத்தால் என்ன என்று தையலம்மா பல்லைக் கடித்தார். சின்னவனுக்கு முப்பத்தொரு வருஷமாக அவர் செய்துவந்தது அதைத்தான்.

யாரும் சொல்லவில்லை.

"வெயில் வேணும்" என்றார் மீசை.

"ஆமென்" என்றார்கள்.

மழை நிற்கவில்லை. அதற்காக யாரும் மீசையைக் குறை சொல்லவில்லை. ஜெபம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் பேங்க்காரர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

வெளுக்கும் கூடத்தில் சூடான ஈர வாசனை. மெஷின்கள் உருண்டன. நாலு மணிக்கு விடுதியின் வேன் வந்துவிடும். உலர்ந்த விரிப்புகளை மடித்துக் கட்ட வேண்டும். புது ஜோடிகள் முனையைப் பிடித்தார்கள். ஒரு ஜோடியில் இரண்டு பேருமே இடது பக்கம் பழகியவர்கள். இன்னொரு ஜோடி நெட்டையும் குட்டையும். விரிப்பு சரிவாகவே மடிந்தது. ரேடியோ பேச்சை நிறுத்தாமல் மீசையை நோக்கி நடந்தார். மீசை மிரண்டு பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டினார்.

சின்னவன் நடுவில் நின்றான். அவனுக்கு ஆள் இல்லை. கொக்கிப்படி ஜோடி சேர வேண்டிய சிஸ்டரால் இஸ்திரி மெஷினை விட்டு நகர முடியாது. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் புதியவனை விடவும் முடியாது. கையில் ஒரு விரிப்பை வைத்துக்கொண்டு அவன் இரண்டு பக்கமும் பார்த்தான்.

தையலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தான் செய்த குளறுபடி என்பதும் உறைத்தது.

"குடுடா இப்படி" என்று விரிப்பை வாங்கினார். வீட்டில் எப்போதும் செய்வதுபோல் தாடையில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு, கையை விரித்துத் தனியாகவே மடிக்கப் பார்த்தார். இரண்டு ஆள் அகலத்து விரிப்பு. கீழே புரண்டது.

"அம்மா, விடு" என்றான் சின்னவன். "அதை நீ மட்டும் பண்ண முடியாது. அந்தப் பக்கம் பிடி."

பிடித்தார்.

"இப்ப நான் நிப்பேன். நீ வா."

தையலம்மா நடந்துபோய்த் தன் முனையை அவன் கையில் கொடுத்தார். அவன் மடிப்பை உதறினான்.

"இப்ப நீ நில்லு. நான் வருவேன்."

"சீக்கிரம் வாடா."

"சீக்கிரம் வந்தா சுருங்கும். நில்லு."

நின்றார். மகன் இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அளந்து வைத்ததுபோல் அடி எடுத்து வந்தான். சட்டையில் எல்லாப் பட்டனும் போட்டிருந்தது. மேல் பட்டன் மட்டும் வேறு ஓட்டையில். கை தானாகப் போயிற்று தையலம்மாவுக்கு. ஆனால் இரண்டு கையிலும் விரிப்பு.

அக்காள்காரி கட்டிய மூட்டைகளை அடுக்கியபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை விரிப்பு மடித்தார்கள் என்று அவளும் எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை.

வேன்காரர் வந்தபோது பாதி மூட்டைகூடக் கட்டி முடியவில்லை. மேலே இருந்த ஒன்றை இழுத்துப் பார்த்தார். சமோசாவுக்கு மடித்ததுபோல் இருந்தது.

"என்ன இன்னைக்கு இப்படி?"

"தையலம்மா கப்பை மாத்திட்டாங்க" என்றார் ரேடியோ.

வேன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தையலம்மாவுக்கு அந்த இடத்திலேயே மெஷினுக்குள் நுழைந்துகொள்ளலாம் போலிருந்தது. மடித்தது, மடிக்காதது எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு வேன் போயிற்று.

சாயங்கால டீ. சில பேர் தங்கள் கப்பைப் பழைய இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மீசை மாற்றவில்லை. ரேடியோவும் மாற்றவில்லை; மீசை காது கொடுத்துக் கேட்கிறார் என்று காரணம் சொன்னார். தையலம்மாவுக்கும் மகளுக்கும் சின்னவனுக்கும் வெள்ளைக் கப்.

பலகைக்குக் கீழே ஒரு கூடையில், தங்குகிறவர் எடுத்து மாட்டுவதற்கென்று பலரும் கொடுத்த கப்புகள். பூப்போட்டது, கோடு போட்டது. சிஸ்டர் சின்னவனைப் பார்த்தார்.

"என்னப்பா, குடிச்சு முடிச்சியா?"

"முடிச்சான்" என்று ஆரம்பித்த தையலம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். புருவம் உயர்ந்திருந்தது.

இதுதான் நேரம். தையலம்மா கைப்பையைத் திறந்தார். துண்டைப் பிரித்தார். பச்சைக் கப்பை மேஜைமேல் வைத்தார், பேசாமல்.

மகளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அம்மா, இது அநியாயம்" என்றாள் அடிக்குரலில். "பேசக்கூடாதுன்னு சொன்னா இப்படியா?"

"நான் ஒரு வார்த்தை பேசினேனான்னு கேளுங்க" என்றார் தையலம்மா, ரேடியோவிடம்.

அங்கேதான் தப்பு பண்ணினார். இருக்கிற ஆளையெல்லாம் விட்டுவிட்டு ரேடியோவிடம் போய், பேசினேனா என்று கேட்கலாமா?

"பேசினீங்க" என்றார் ரேடியோ. ஸ்பூனை மேஜையில் வைத்துவிட்டு, தொட்டியோரத்துத் தையலம்மாவின் குரலிலேயே தொடர்ந்தார். "இவனை இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிடணும். இவன் இல்லாம எனக்கு என்ன வேலை இருக்கு. காலையில எந்திரிச்சு, எதுக்கு எந்திரிச்சோம்னு உக்காந்திருக்கேன். யாருக்குப் பட்டன் போடறது. அவர்கிட்டயும் சொல்ல முடியல. அவகிட்ட சொல்லலாம், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது."

தையலம்மா மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தையலை ஆராய்ந்தார். நல்ல தையல்தான். மகள் அம்மாவைப் பார்த்தாள். கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடுகிற முகம்.

சின்னவன் பச்சைக் கப்பை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். பெயர்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"என் கப்பு" என்றான் மீசையிடம். "இதுலதான் மீன் இருந்துச்சு."

மீசை தலையாட்டினார்.

கப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். கழுவினான். தையலம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கழுவிய கப் பைக்குள் வரும், பை தோளுக்கு வரும், ஆறு மணி பஸ் இருக்கிறது.

அவன் நேரே ஆறாவது பலகைக்குப் போனான். பச்சைக் கப்பை மாட்டினான்.

அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை. கப் கொஞ்சம் ஆடியது, பிறகு நின்றது. பேங்க்காரர் கைதட்டத் தொடங்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டைக் காட்டி அழைத்துப்போக வந்த கப் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

தையலம்மா உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும்.

சின்னவன் முடிக்கவில்லை. திரும்பி வந்தான். அம்மாவுக்கு முன்னால் இருந்த வெள்ளைக் கப்பை எடுத்தான். அடியில் கொஞ்சம் டீ மிச்சம், அதைக் குடித்தான். கழுவினான். ஆறாவது பலகையில், பச்சைக் கப்புக்குப் பக்கத்துக் கொக்கியில், அதை மாட்டினான்.

"டேய், அது விருந்தாளிக் கப்பு" என்றாள் அக்காள்.

"இல்ல. அது அம்மாது."

"அம்மா வீட்டுக்குப் போகணும்டா."

"போகட்டும்." சின்னவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அம்மாக்கு வேலை இல்லையாம். இங்க நிறைய இருக்கு. எனக்கும் அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்."

எல்லாரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். இப்படி ஒரு கேஸ் அவருக்கும் புதிது. முதல் கொக்கியிலிருந்து கடைசிக் கொக்கி வரை சுவரைப் பார்த்தார்.

"ஒருத்தர் கப்பை இன்னொருத்தர் மாட்டக்கூடாது. ஆனா மத்தியானம் நம்ம எல்லார் கப்பையும் ஒருத்தர் மாட்டினாங்க, நாம பேசாம இருந்தோம்" என்றார். தையலம்மா பக்கம் திரும்பினார். "வேணாம்னா நீங்க எடுத்துடலாம்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. உங்க கைதான் எடுக்கணும், அவ்வளவுதான்."

"எடுக்கலன்னா?"

"காலையில ஏழு மணிக்கு விரிப்பு மடிக்கணும்."

தையலம்மா எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார். சின்னவன் பக்கத்தில் நின்று பார்த்தான். கெஞ்சவில்லை, பிடிக்கவில்லை. மத்தியானம் விரிப்பை வைத்துக்கொண்டு நின்றதுபோலவே நின்றான், அந்தப் பக்கத்து ஆள் அடி எடுத்து வைக்கட்டும் என்று.

தூக்கிய கை கப் வரைக்கும் போயிற்று. அங்கிருந்து இறங்கி, அவன் சட்டையின் மேல் பட்டனுக்கு வந்தது. கழற்றிச் சரியான ஓட்டையில் போட்டது.

"ஏழு மணிக்குன்னா முதல் பஸ் பிடிக்கணுமே" என்றார், மகளைப் பார்த்து. நேரே மகளைப் பார்த்து. "எத்தனை மணிக்குடி முதல் பஸ்?"

தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று மகள் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதம் ஆயிற்றே.

"அப்பாவைக் கேட்டா தெரியும்" என்றாள்.

"உங்கப்பாவை யார் கேக்கறது?"

அதுதான் பாக்கி இருந்தது.

ஆறு மணி பஸ் நம் தெரு முனையில் நின்றபோது டிரைவர் அப்பா ஸ்டாப்பிலேயே காத்திருந்தார், விரல் இடுக்கில் நீலப் பெயின்ட்டோடு. மகள் இறங்கினாள். தையலம்மா இறங்கினார். குடை இறங்கியது. டிரைவர் அப்பா நகரவில்லை. கடைசி ஆள் இறங்கும்வரை வண்டியை எடுக்கக்கூடாது என்று ஆயுசு பூராவும் பழகியவர். படிக்கட்டையே பார்த்தார். கதவு மூடியது. பஸ் போயிற்று. போன பஸ்ஸையும் பார்த்தார்.

"கட்டில் காஞ்சிருச்சா?" என்றார் தையலம்மா.

"காஞ்சிருச்சு."

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."

"இங்கயே சொல்லு."

"அவன் மாட்டிட்டான். எனக்கும் ஒண்ணு மாட்டிட்டான். நாளைக்கு முதல் பஸ்ல நான் வேலைக்குப் போகணும்."

டிரைவர் அப்பா திரும்பினார். முன்னால் நடந்தார். அம்மாவும் மகளும் ஒரே குடைக்குள் பின்னால் போனார்கள், இந்த முறை பேசிக்கொண்டே. அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருவரும் வாசலில் நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. நாலு அடி. நிறுத்தம். மறுபடி நாலு அடி.

கட்டிலைப் பிரித்துப் போடுகிறாரா, இந்த வீட்டுச் சுவரிலும் கப் மாட்டக் கொக்கி அடிக்கிறாரா? எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எவ்வளவு எட்டினாலும் தெரிவது திரைச்சீலைதான். அதை எவ்வளவு நெருக்கமாகத் தைத்துப் போட்டிருக்கிறார் இந்தத் தையலம்மா.